மொகினேர் கோராகுலி

மொகினேர் கோராகுலி என்பது 1970களின் நடுப்பகுதியில் கல்கத்தாவில் (இன்றைய கொல்கத்தா) தோன்றிய வங்காள மொழி ராக் இசைக்குழு ஆகும். இந்தியாவில் தாய்மொழியில் சொந்தப் பாடல்களை இயற்றி, திரைப்படத்தையோ பெரிய இசைத்தட்டு நிறுவனங்களையோ சாராமல் வெளியிட்ட முதல் ராக் குழுக்களுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. 1977 முதல் 1979 வரை மூன்று இசைத்தட்டுகளை வெளியிட்ட இக்குழு 1981ஆம் ஆண்டில் கலைந்தது. இயங்கிய காலத்தில் சிறிய வட்டத்தினர் மட்டுமே இதனை அறிந்திருந்தனர். 1995ஆம் ஆண்டுக்குப் பின்னரே இதன் பாடல்கள் மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் பரவலாக அறியப்பட்டன. குழுவின் தலைவராக விளங்கியவர் கௌதம் சட்டோபாத்யாய் ஆவார்.

பெயர்

வங்காள மொழியில் "கோரா" என்பது குதிரையைக் குறிக்கும். "குலி" என்பது பன்மை விகுதி. "மொகின்" என்னும் ஆட்பெயருடன் ஆறாம் வேற்றுமை உருபான "ஏர்" சேர்ந்து "மொகினேர்" என்றாகிறது. எனவே இப்பெயரின் நேர்ப்பொருள் "மொகினின் குதிரைகள்" என்பதாகும். வங்காளக் கவிஞர் ஜீபனானந்த தாஸ் எழுதி, 1948ஆம் ஆண்டில் வெளியான "ஸாத்டி தாரார் திமிர்" (ஏழு விண்மீன்களின் இருள்) என்னும் தொகுப்பில் உள்ள "கோரா" என்ற கவிதையிலிருந்து இத்தொடர் எடுக்கப்பட்டது. குழு தொடக்கத்தில் "சப்தரிஷி", "தீரந்தாஜ்" (வில்லாளி) முதலிய வேறு பெயர்களைக் கொண்டிருந்தது. பின்னர் ரஞ்சன் கோஷாலின் பரிந்துரைப்படி இப்பெயர் ஏற்கப்பட்டது.

ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிக்கொண்டு ஆங்கிலப் பாடல்களை இசைப்பதே அக்கால இந்திய ராக் குழுக்களின் வழக்கமாக இருந்தது. அச்சூழலில் ஒரு நவீனக் கவிதையின் தொடரைப் பெயராகக் கொண்டமை குழுவின் நோக்கத்தைத் தெளிவாகக் காட்டியது.

பின்னணி

இசைச் சூழல்

1960களில் கல்கத்தா, பம்பாய், சென்னை, பெங்களூர், ஷில்லாங் ஆகிய நகரங்களில் "பீட்" குழுக்கள் எனப்பட்ட இளைஞர் இசைக்குழுக்கள் பல தோன்றின. ஒரு சிகரெட் நிறுவனத்தின் ஆதரவில் நடைபெற்ற "சிம்லா பீட்" போட்டிகளில் இத்தகைய குழுக்கள் கலந்துகொண்டன. 1970, 1971ஆம் ஆண்டுகளில் அப்போட்டிகளின் இசைத்தட்டுத் தொகுப்புகளும் வெளியாயின. கல்கத்தாவின் பார்க் தெருவில் இருந்த உணவகங்களில் நாள்தோறும் மேலைநாட்டு இசை நிகழ்ச்சிகள் நடைபெற்று வந்தன. இவை பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த சிறு பிரிவினரின் பொழுதுபோக்காகவே இருந்தன.

மறுபுறம் வங்காள மொழி இசை பெரும்பாலும் நன்கு நிலைபெற்ற சில வகைகளுக்குள் இயங்கியது. இரவீந்திர சங்கீதம், திரைப்பாடல், "ஆதுனிக்" எனப்படும் மெல்லிசை, நாட்டுப்புற இசை ஆகியவை அவை. இரவீந்திரநாத் தாகூரின் பாடல்களுக்கான காப்புரிமை 2001ஆம் ஆண்டின் இறுதி வரை விசுவபாரதியிடம் இருந்தது. ஒரு பாடல் பதிவு வெளியாவதற்கு முன் விசுவபாரதி இசை வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. புகழ்பெற்ற பாடகர் தேபப்ரத பிஸ்வாஸ் பாடும் முறைக்கும் அவர் பயன்படுத்திய இசைக்கருவிகளுக்கும் வாரியம் ஆட்சேபம் தெரிவித்தது. இதனால் அவர் 1970களின் தொடக்கத்தில் இரவீந்திர சங்கீதத்தைப் பதிவு செய்வதையே நிறுத்திக்கொண்டார். தணிக்கை என்ற பெயர் இல்லாமலே எது தகுந்த இசை என்பதை முடிவு செய்யும் அமைப்புகள் அங்கு இருந்தன என்பதற்கு இது ஒரு சான்றாகும்.

அரசியல் சூழல்

1967ஆம் ஆண்டு மே மாதத்தில் வடக்கு வங்காளத்தின் நக்சல்பாரியில் உழவர் எழுச்சி ஏற்பட்டது. 1969ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்தியப் பொதுவுடமைக் கட்சி (மார்க்சிய-லெனினிய) தோற்றுவிக்கப்பட்டது. கல்கத்தாவின் கல்லூரி மாணவர்கள் பலர் படிப்பைக் கைவிட்டு இவ்வியக்கத்தில் இணைந்தனர். பிரசிடென்சி கல்லூரி இதன் மையங்களுள் ஒன்றாக இருந்தது. இயக்கத்தினர் நிகழ்த்திய கொலைகளும் காவல்துறையின் அடக்குமுறையும் நகரைப் பெரிதும் பாதித்தன. 1972ஆம் ஆண்டு சூலையில் இயக்கத் தலைவர் சாரு மஜும்தார் காவலில் இருந்தபோது இறந்தார். 1975 சூன் முதல் 1977 மார்ச் வரை நாடு முழுவதும் நெருக்கடி நிலை நடைமுறையில் இருந்தது.

கௌதம் சட்டோபாத்யாய் பிரசிடென்சி கல்லூரியில் பயின்றவர். 1960களின் இறுதியில் "தி அர்ஜ்" என்ற குழுவில் ஆங்கிலோ-இந்திய இசைஞர்களுடன் இணைந்து பார்க் தெரு உணவகங்களில் இசைத்தார். அதே காலத்தில் நக்சலைட் இயக்கத்திலும் ஈடுபட்டார். இதனால் கைது செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார். விடுதலைக்குப் பின் சில காலம் கல்கத்தாவை விட்டு விலகி, ஜபல்பூர், போபால் ஆகிய நகரங்களில் வாழ்ந்தார். பின்னர் ஊர் திரும்பித் தம் உடன்பிறந்தோரையும் உறவினரையும் நண்பர்களையும் கொண்டு இக்குழுவை உருவாக்கினார். தெற்குக் கல்கத்தாவின் நாக்தலா பகுதியில் இருந்த அவர்களது குடும்ப வீடே ஒத்திகைக் கூடமாகப் பயன்பட்டது.

உறுப்பினர்கள்

தொடக்கக் குழுவில் எழுவர் இருந்தனர்.

* கௌதம் சட்டோபாத்யாய் – குரல், கித்தார், சாக்சபோன், பாடலாக்கம்
* பிரதீப் சட்டோபாத்யாய் (புலா) – பேஸ் கித்தார், புல்லாங்குழல்
* பிஸ்வநாத் சட்டோபாத்யாய் (பிஷு) – டிரம்ஸ்
* ரஞ்சன் கோஷால் – பாடலாக்கம், குரல், நிகழ்ச்சி அமைப்பு
* தபஸ் தாஸ் (பாபி) – குரல், கித்தார், பாடலாக்கம்
* ஆபிரகாம் மஜும்தார் – பியானோ, வயலின்
* தபேஷ் பந்தோபாத்யாய் (பானு) – குரல், கித்தார்

1978ஆம் ஆண்டில் தபேஷ் விலகியபின் அவருடைய இடத்தில் ராஜா பானர்ஜி இணைந்தார்.

இசை

இக்குழுவின் இசையில் ராக், ஜாஸ், அமெரிக்க நாட்டுப்புற இசை, மேலைச் செவ்வியல் இசை, வங்காள பாவுல் இசை ஆகியவை கலந்திருந்தன. பாவுல்கள் என்போர் வங்காளத்தில் ஊர் ஊராகச் சென்று பாடும் மறைஞானப் பாடகர்கள். கோயில், மசூதி, சாதி ஆகிய வேறுபாடுகளை மறுத்து மனித உடலுக்குள்ளேயே இறைமையைத் தேடுவது அவர்களது நெறி. தமிழ்ச் சித்தர் மரபுடன் ஒப்பிடத்தக்க கூறுகள் இதில் உள்ளன. கௌதம் பாவுல் பாடகர்களுடன் நெருங்கிப் பழகியவர். தமது இசையை "பாவுல் ஜாஸ்" என்று அவர் குறிப்பிட்டார்.

மின்கித்தார், டிரம்ஸ், சாக்சபோன் ஆகியவற்றுடன் வயலின், புல்லாங்குழல், ஒற்றை நரம்புக் கருவியான ஏக்தாரா ஆகியவையும் இசைக்கப்பட்டன. கருவிகளின் ஓசையில் புதுமை இருந்தபோதிலும், கேட்போரை மிகுதியாக வியப்பில் ஆழ்த்தியது பாடல்களின் சொல்லாட்சியே ஆகும். அக்கால மெல்லிசைப் பாடல்களில் நிலவு, மழை, பிரிவு ஆகியவை வழக்கமான பொருள்களாக இருந்தன. இக்குழுவின் பாடல்களில் நகர நெரிசல், வேலையின்மை, தனிமை, பேச்சு வழக்குச் சொற்கள், நகைச்சுவை ஆகியவை இடம்பெற்றன. "ஹாய் பாலோபாஷி" என்னும் பாடலில் நாட்டுப்புறக் காட்சிகளின் மீதான விருப்பமும் பிக்காசோ, பீத்தோவன், பாப் டிலன் முதலியோர் மீதான விருப்பமும் அருகருகே வைத்துப் பேசப்படுகின்றன. வங்காளியாக இருப்பதற்கும் உலகத்தவராக இருப்பதற்கும் இடையே முரண் இல்லை என்பதே அதன் உட்பொருளாகும்.

இசைத்தட்டுகள்

* சங்பிக்ன பாகிகுல் ஓ கொல்காத்தா பிஷயக் (1977) – "கலக்கமுற்ற பறவைகளும் கல்கத்தாவைப் பற்றியும்" எனப் பொருள்படும்.
* அஜானா உடந்த பஸ்து பா அ-உ-ப (1978) – "அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்" எனப் பொருள்படும். "அ-உ-ப" என்பது வங்காளத் தொடரின் முதலெழுத்துகள்.
* த்ரிஷ்யமான் மொகினேர் கோராகுலி (1979) – "கண்ணுக்குத் தெரியும் மொகினின் குதிரைகள்" எனப் பொருள்படும்.

மூன்றாம் இசைத்தட்டில் உள்ள "சொய்த்ரேர் காபோன்" (சைத்திர மாதத்தின் பிணப்போர்வை) குழுவின் சிறந்த பாடல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. வங்காள நாட்காட்டியின் இறுதி மாதமான சைத்திரம், தமிழ் நாட்காட்டியின் பங்குனி மாதத்தை ஒத்த காலத்தில் வருவது.

அக்காலத்தில் இந்திய இசைத்தட்டுச் சந்தையில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா நிறுவனமே மேலோங்கியிருந்தது. அதன் அழுத்தாலை கல்கத்தாவை அடுத்த டம்டமில் அமைந்திருந்தது. திரைப்படத்தில் இடம்பெறாத, புகழ்பெற்ற பாடகர் எவரும் பாடாத பாடல்களுக்குச் சந்தை இல்லை என்றே நிறுவனங்கள் கருதின. ஆகவே குழுவினர் தம் வெளியீடுகளுக்கான பொருள் திரட்டல், அட்டை வடிவமைப்பு, விளம்பரம், விற்பனை ஆகியவற்றில் பெரும்பகுதியைத் தாமே மேற்கொண்டனர். இவ்வகையில் அவர்களின் செயல்முறை வங்காளச் சிற்றிதழ்களின் செயல்முறையை ஒத்திருந்தது.

நிகழ்ச்சிகளும் வரவேற்பும்

குழுவின் நிகழ்ச்சிகள் கல்லூரிகளிலும் சிறிய அரங்குகளிலும் நடைபெற்றன. 1979ஆம் ஆண்டில் நகரின் முதன்மை அரங்குகளுள் ஒன்றான இரவீந்திர சதனத்திலும், 1980ஆம் ஆண்டில் கல்கத்தா பன்னாட்டு ஜாஸ் விழாவிலும் இசைத்தனர்.

இவர்களுக்கு நேரடியான அரசுத் தடை ஏதும் விதிக்கப்படவில்லை. எனினும் பரவலான வரவேற்பும் கிடைக்கவில்லை. மரபிசை விரும்பிகள் இதனை மேலைநாட்டுக் கூச்சலாகக் கருதினர். மேலையிசை விரும்பிகளுக்கோ வங்காள மொழியில் ராக் என்பதே பொருந்தாததாகத் தோன்றியது. வங்காள நடுத்தர வகுப்பினர் பலருக்கு, பாடல் என்பது தாகூரின் பெயருடன் இணைந்த தூய்மையான ஒன்றாக இருந்தது.

1977ஆம் ஆண்டு சூனில் மேற்கு வங்காளத்தில் இடதுசாரி முன்னணி ஆட்சிக்கு வந்தது. அதன்பின் "அபசம்ஸ்கிருதி" (சீர்கெட்ட பண்பாடு) என்ற சொல் அரசியல் மேடைகளில் அடிக்கடி ஒலித்தது. மேலைநாட்டு பாப், டிஸ்கோ இசை வகைகள் இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டன. பம்பாயில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து கல்கத்தாவில் வாழ்ந்துவந்த பாடகி உஷா உதூப்பின் நிகழ்ச்சிக்கு அரசு அரங்கம் வழங்குவதை, 1983ஆம் ஆண்டில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்கரவர்த்தி இக்காரணம் கூறி எதிர்த்தார். உஷா உதூப் கல்கத்தா உயர் நீதிமன்றத்தை அணுகித் தமக்குச் சாதகமான தீர்ப்பைப் பெற்றார். மொகினேர் கோராகுலி அதற்கு முன்பே கலைந்துவிட்டது. எனினும் அது எத்தகைய கருத்துச் சூழலில் இயங்கியது என்பதை இவ்வழக்கு விளக்குகிறது. இடதுசாரிச் சிந்தனைக்காகச் சிறை சென்ற ஒருவரின் இசை, இடதுசாரி ஆட்சிக் காலத்திலும் ஓரத்திலேயே நின்றது.

கலைவு

1981ஆம் ஆண்டில் குழு கலைந்தது. இசையால் வருமானம் கிட்டாத நிலையில் உறுப்பினர்கள் வெவ்வேறு தொழில்களை நாடினர். ரஞ்சன் கோஷால் பெங்களூரில் விளம்பரத் துறையிலும் நாடகத்திலும் ஈடுபட்டார். பிஸ்வநாத் அமெரிக்காவில் குடியேறினார். ஆபிரகாம் மஜும்தார் செருமனியில் இசை பயின்று, பின்னர் கொல்கத்தா திரும்பி இசைப் பயிற்சியளிப்பதில் ஈடுபட்டார். கௌதம் சட்டோபாத்யாய் திரைப்படத் துறைக்குச் சென்றார். அவர் இயக்கிய "நாக்மதி" (1983) சிறந்த வங்காளத் திரைப்படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது.

மீள்வருகை

1995ஆம் ஆண்டு கொல்கத்தா புத்தகக் கண்காட்சியில் "ஆபார் பச்சர் குடி பரே" (மீண்டும் இருபது ஆண்டுகளுக்குப் பின்) என்ற ஒலிநாடா வெளியிடப்பட்டது. இப்பெயரும் ஜீபனானந்த தாஸின் கவிதையொன்றை நினைவூட்டுவதாகும். இதில் இளம் இசைஞர்கள் பலர் பங்கேற்றனர். ஒலிநாடா "மொகினேர் கோராகுலி தொகுத்தது" என்ற குறிப்புடன் வெளிவந்தது. அதாவது குழுவின் பெயர் பாடுபவரின் பெயராக இல்லாமல், ஓர் இதழின் பெயர்போலத் தொகுப்பாளர் பெயராகப் பயன்பட்டது. இதே முறையில் "ஜரா சமயேர் கான்" (1996), "மாயா" (1997), "கேபார் கான்" ஆகிய தொகுப்புகளும் 1990களில் வெளிவந்தன.

1995ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள "ப்ரிதிபிடா நாகி" என்ற பாடல் மிகுந்த புகழ் பெற்றது. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் உலகம் சுருங்கிவிட்டதையும், அதனால் மனிதர்க்கிடையே தொலைவு கூடிவிட்டதையும் அது பேசுகிறது. இதன் மெட்டு, இசையமைப்பாளர் பிரீதமால் "கேங்ஸ்டர்" (2006) என்ற இந்தித் திரைப்படத்தின் "பீகி பீகி" பாடலில் பயன்படுத்தப்பட்டது. அதனைப் பாடியவர் வங்காளதேச ராக் பாடகர் ஜேம்ஸ். மூலப்பாடலின் சமூகப் பொருள் இந்திப் பாடலில் இடம்பெறவில்லை. மூலக்குழுவின் பெயரை அறியாமலே இந்தியா முழுவதும் இம்மெட்டைப் பலர் கேட்டனர்.

கௌதம் சட்டோபாத்யாய் 1999ஆம் ஆண்டு சூன் 20 அன்று காலமானார். அப்போது அவர் அசாமின் கார்பி மொழியில் திரைப்படமொன்றை உருவாக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். ரஞ்சன் கோஷால் 2020ஆம் ஆண்டு சூலையில் பெங்களூரில் காலமானார். தபஸ் தாஸ் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டபோது, 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளம் இசைக்குழுக்கள் அவருடைய சிகிச்சைக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சிகளை நடத்தின. அவர் அதே ஆண்டு சூன் 25 அன்று காலமானார்.

சோவியத் ஒன்றியத்தின் தலைமறைவு ராக் இசையுடன் ஒப்பீடு

இக்குழு இயங்கிய அதே காலத்தில் சோவியத் ஒன்றியத்திலும் வீட்டளவிலான ராக் இசை வளர்ந்தது. தமிழ்நாட்டிலும் வங்காளத்திலும் சோவியத் நூல்கள் மலிவு விலையில் பெருமளவில் கிடைத்தன. ஆனால் அந்நாட்டின் இவ்விசை அந்நூல்களுடன் வந்து சேரவில்லை.

சோவியத் ஒன்றியத்தில் 1964ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டு வெளியீடு முழுவதும் "மெலோதியா" என்ற அரசு நிறுவனத்திடம் இருந்தது. அதற்கு முன்னரே, 1940களின் பிற்பகுதி முதல், தடை செய்யப்பட்ட இசையைப் பயன்படுத்தப்பட்ட ஊடுகதிர்ப் படத் தகடுகளின் மீது வெட்டிப் பதிவு செய்து விற்கும் வழக்கம் இருந்தது. எலும்பு உருவங்கள் தெரிந்த இத்தகடுகள் "எலும்பு இசை" எனப்பட்டன. 1960களில் சுருள் ஒலிப்பதிவுக் கருவிகள் வீடுகளுக்கு வந்தபின், ஒருவர் பதிவு செய்ததை மற்றவர் படியெடுத்துப் பரப்பும் முறை தோன்றியது. இது "மாக்னிதிஸ்தாத்" எனப்பட்டது. பெரும்பாலும் தட்டச்சுப் படிகளாகத் தடை நூல்களைப் பரப்பிய "சமிஸ்தாத்" முறையின் ஒலிவடிவம் இது.

லெனின்கிராதில் 1972ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட "அக்வாரியம்" குழுவும், 1980களின் தொடக்கத்தில் தோன்றிய விக்தர் த்சோயின் "கினோ" குழுவும் இவ்வழியில் புகழ் பெற்றன. அந்திரேய் திரோபில்லோ என்ற ஒலிப்பதிவாளர், சிறுவர்களுக்கான அரசு மையமொன்றின் பயிற்சிக் கூடத்தில் இக்குழுக்களின் தொகுப்புகளைப் பதிவு செய்தார். 1981ஆம் ஆண்டு மார்ச்சில் லெனின்கிராது ராக் மன்றம் திறக்கப்பட்டது. அதன்மூலம் இசைஞர்களுக்கு மேடை கிடைத்தது. அதே வேளையில் அவர்களின் பாடல் வரிகள் முன்கூட்டியே சரிபார்க்கப்பட்டன.

இரு நாடுகளிலும் இசைஞர்கள் நண்பர்களின் துணையுடன் தாமே பதிவு செய்து, தாமே பரப்பினர். தடை மட்டும் வேறு வகையானது. சோவியத் இசைஞர்களுக்கு எதிராக நின்றது அரசின் ஏகபோகம். கல்கத்தா இசைஞர்களுக்கு எதிராக நின்றவை சந்தையின் புறக்கணிப்பும் பண்பாட்டுக் காவலர்களின் இகழ்ச்சியும் ஆகும். இதன் விளைவும் வேறுபட்டது. சோவியத் நாட்டில் தடையே கேட்போரின் ஆவலைத் தூண்டியது. நாடாக்கள் கைமாறிக் கைமாறி ஒன்றியத்தின் தொலைதூர நகரங்களையும் எட்டின. கல்கத்தாவில் எவரும் தடுக்காத இசையை எவரும் தேடவும் இல்லை. அது கேட்போரை அடைய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின.

தமிழ்ச் சூழல்

தமிழில் இதே காலத்தில் இத்தகைய ராக் குழு பெரிய அளவில் தோன்றவில்லை. சென்னையின் ராக் குழுக்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே பாடின. புதிய ஓசைகளை ஏற்கும் பணியைத் தமிழ்நாட்டில் பெரும்பாலும் திரையிசையே செய்தது. நக்சலைட் இயக்கம் தர்மபுரி, வட ஆர்க்காடு மாவட்டங்களில் வேரூன்றியிருந்தது. 1980ஆம் ஆண்டில் அங்கு அவ்வியக்கத்தினர் மீது கடுமையான காவல்துறை நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. இங்கு இடதுசாரி அரசியல் இசை, மின்கித்தார் வழியாக வளராமல், பறை முதலிய கருவிகளைக் கொண்ட மேடைப் பாடலாகவும் ஒலிநாடாவாகவும் வளர்ந்தது. மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் பாடகர் கோவன், மதுக்கடைகளுக்கு எதிரான பாடல்களுக்காக 2015ஆம் ஆண்டு அக்டோபரில் தேசத்துரோகப் பிரிவின் கீழ் கைது செய்யப்பட்டமை, பாடலுக்கும் அரசுக்கும் இடையிலான மோதல் கடந்தகாலச் செய்தி மட்டுமன்று என்பதைக் காட்டியது. கானா, ராப், ராக் ஆகியவற்றை இணைத்துச் சாதி எதிர்ப்பைப் பாடும் "தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்" குழு, 2018ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் தன் முதல் நிகழ்ச்சியை நடத்தியது.

தாக்கம்

1990களில் மேற்கு வங்காளத்தில் "பாங்ளா பேண்ட்" என அழைக்கப்பட்ட இசை அலை தோன்றியது. சந்திரபிந்து, காக்டஸ், ஃபாசில்ஸ் முதலிய குழுக்கள் இதில் அடங்கும். இவ்வலையின் முன்னோடியாக மொகினேர் கோராகுலி குறிப்பிடப்படுகிறது. வங்காளதேசத்தில் 1971ஆம் ஆண்டு விடுதலைப் போருக்குப் பின் ஆசம் கான் முதலியோரால் தனியானதொரு வங்காள ராக் மரபு உருவாகியிருந்தது. பிற்காலத்தில் இவ்விரு மரபுகளின் கேட்போரும் ஒருவர் மற்றவரின் பாடல்களை ஏற்றுக்கொண்டனர்.

கௌதமின் மகன் கௌரவ் சட்டர்ஜி, "லக்கிசாடா" என்ற ராக் குழுவின் டிரம்ஸ் இசைஞராக அறியப்பட்டவர். குழுவின் பாடல்கள் இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கின்றன. கல்லூரி விழாக்களில் பாடும் மாணவர்களுள் பெரும்பாலோர், குழு கலைந்து பல ஆண்டுகளுக்குப் பின் பிறந்தவர்கள் ஆவர்.